வெல்வெட் பெட்டிக்குள் ஒரு ரம்பம்

இரண்டு நாட்களாக அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து (1861–65) அறுவை சிகிச்சைப் பெட்டிகளின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் தூக்கிப் போகிற மரப்பெட்டி, ஓரங்களில் பித்தளை, உள்ளே வெல்வெட். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு குழி.

நீளக் கத்தி சதைக்கு. இருபுறமும் கூரான கேட்லின் கத்தி, முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கு நடுவே நுழைய. அப்புறம் ரம்பம். அறுந்த ரத்தக்குழாயை இழுத்துப் பிடித்து நூலால் கட்ட ஒரு சின்னக் கொக்கி. ரத்தத்தை நிறுத்த, திருகினால் இறுகும் பட்டை.

அன்றைய துப்பாக்கிகளின் மினியே குண்டு (மென்மையான ஈயக் குண்டு) பட்டால் எலும்பு நொறுங்கிப்போகும். அதனால்தான் இத்தனை கைகால்களை எடுத்தார்கள். மயக்க மருந்தாகக் குளோரோஃபார்ம் இருந்தது, அந்த மட்டில் ஆறுதல்.

என் மனதை விட்டு அகலாதவை கைப்பிடிகள்தான். கருங்காலி, தந்தம். எவ்வளவு அழகான வேலைப்பாடு! ஆனால் கொதிநீரில் போட்டால் பாழாகிவிடும். போட வேண்டும் என்று அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஒருவருக்குப் பயன்படுத்திய ரம்பத்தைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்கள். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் தன் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867-இல். போர் முடிந்து இரண்டே வருடம். அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

முழுக்க உலோகத்தாலான கருவிகள் அதற்கும் பிறகுதான் வந்தன. வெல்வெட்டும் மெல்ல மறைந்தது.