91 வாட் காட்டிய கருவி

லினக்ஸில் பிராசஸர் என்ன வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பார்க்க சிபியுபவர், டர்போஸ்டாட் என்று இரண்டு கருவிகள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சோர்ஸோடு சேர்ந்தே வருகின்றன. அவை இருந்தும் பல குழுக்கள் தங்கள் வசதிக்கென்று சொந்தமாக ஒன்றை எழுதி வைத்திருக்கும். அப்படியொரு கருவி என் கைக்கு வந்தது. சி மொழியில் எழுதியது. நிலவரம் சொல்ல ஒரு கட்டளை, அமைப்பை மாற்ற ஒன்று, விடாமல் கண்காணிக்க ஒன்று. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன பக் பட்டியல் நீளமாக இருந்தது. அடுத்த வெளியீட்டுக்குள் அதைச் சுருக்கித் தரச் சொன்னார்கள்.

பாதியில் கிராஷ் ஆகும் பக்குகளை முதலில் எடுத்தேன். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த வரியில் விழுந்தது என்று பிழைதேடும் கருவியான ஜிடிபி காட்டிக்கொடுத்துவிடும், சரிசெய்து மூடிவிடலாம். என்னை உட்காரவைத்தவை வேறு ரகம். கருவி ஒழுங்காக ஓடும், எண்ணும் காட்டும், பார்த்தால் நியாயமான எண்ணாகவே தெரியும். ஆனால் பொய்.

அந்த ரகத்தில் முதலாவது பக் என்ற பெயரில் வரவே இல்லை, பாராட்டாக வந்தது. கவர்னரை (பிராசஸர் வேகத்தை எப்போது கூட்டுவது, குறைப்பது என்று முடிவெடுக்கும் கெர்னல் பகுதி) மாற்றிய பிறகு தன் சர்வரின் பேக்கேஜ் பவர், அதாவது பிராசஸர் சில்லு முழுவதும் தின்னும் மின்சாரம், 200 வாட்டிலிருந்து 91 வாட்டுக்கு இறங்கிவிட்டதாக ஒரு பயனர் எழுதியிருந்தார். வேலை முடியும் நேரமும் கூடவில்லையாம். உடன் வேலை பார்ப்பவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல சேதிதானே, இதுல என்னங்க சந்தேகம்?"

"வேகம் குறையாம வாட் மட்டும் பாதிக்கு மேல குறையுதுன்னா எப்படிங்க?"

"அப்போ அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பயனரிடம் இரண்டு அளவீட்டுக்கும் அவர் கொடுத்த கட்டளையை அப்படியே அனுப்பச் சொன்னேன். கவர்னரோடு இன்னொன்றும் மாறியிருந்தது. முன்பு 5 வினாடிக்கு ஒரு முறை அளந்தவர், பதிவுக் கோப்பு பெரிதாகிறதே என்று 10 நிமிடத்துக்கு ஒரு முறையாக மாற்றியிருந்தார். அங்கேதான் இருந்தது விஷயம்.

இந்த வாட் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் புரியும். பிராசஸர் தான் செலவழித்த ஆற்றலைத் தானே எண்ணி ஒரு ரெஜிஸ்டரில், அதாவது தனக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், வைத்துக்கொண்டே போகிறது. ரேப்பல் என்று சொல்வார்கள். இன்டெல் பிராசஸரில் பேக்கேஜ் முழுவதற்குமான கணக்கு, ஹெக்ஸில் (16 அடிமான எண் முறையில்) 611 என்ற எண் கொண்ட, எம்எஸ்ஆர் என்ற வகை ரெஜிஸ்டரில் இருக்கிறது. அது வாட் சொல்லாது, ஜூல் சொல்லும். அதுவும் நேரடியாக அல்ல, சின்னச் சின்ன அலகுகளின் எண்ணிக்கையாக. அலகு எவ்வளவு என்பது இன்னொரு எம்எஸ்ஆரில் இருக்கும். சில பிராசஸர்களில் ஒரு ஜூலின் 16,384-ல் ஒரு பங்கு, சிலவற்றில் 65,536-ல் ஒரு பங்கு. இரண்டு முறை படித்து, வித்தியாசத்தை அலகால் பெருக்கி, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வாட்.

ரெஜிஸ்டர் 64 பிட் அகலம் என்றாலும் எண்ணிக்கைக்கு அதில் 32 பிட்தான். நிரம்பினால் பழைய வண்டிகளின் ஓடோமீட்டர் மாதிரி பூஜ்யத்துக்கு வந்து மறுபடி தொடங்கும். 65,536-ல் ஒரு பங்கு அலகு என்றால் முழுச் சுற்றுக்கு 65,536 ஜூல். 200 வாட்டில் அது 328 வினாடியில், அதாவது ஐந்தரை நிமிடத்துக்குள், தீர்ந்துவிடும். அந்தப் பயனரின் 10 நிமிடத்தில் செலவானது 1,20,000 ஜூல். ஒரு சுற்று கணக்கிலேயே வராமல் போனது. மிச்சம் 54,464 ஜூல். அதை 600 வினாடியால் வகுத்தால் 90.8. கருவி அதை முழுமையாக்கி 91 என்று அழகாகக் காட்டியிருக்கிறது.

இதே ரெஜிஸ்டரில் பழைய பக் ஒன்று ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்ததையும் நிரலின் மாற்ற வரலாற்றில் பார்த்தேன். அப்போது கழித்தலை 64 பிட்டில் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணி (கவுன்டர்) சுற்றி வந்ததும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க, 18 இலக்கத்தைத் தாண்டி ஒரு பிரம்மாண்டம் வரும். அதைப் பார்த்த யாருமே நம்பவில்லை, உடனே புகார் செய்துவிட்டார்கள். இரண்டு எண்களையும் 32 பிட் குறியற்ற எண்களாக வைத்துக் கழித்தால் ஒரு சுற்று தானாகவே சரியாகிவிடும். அந்தப் பேட்ச் அதைச் செய்திருந்தது. ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் போனால் எந்தக் கழித்தலாலும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை முறை சுற்றியது என்ற தகவல் ரெஜிஸ்டரில் எங்குமே இல்லை.

ஆக, சுற்றி முடிப்பதற்குள் யாராவது போய்ப் படித்துக் கூட்டிவைக்க வேண்டும். டர்போஸ்டாட்டும் டைமர் வைத்து இதைத்தான் செய்கிறது. நானும் திரையில் காட்டும் இடைவெளியோடு தொடர்பில்லாமல் கருவிக்குள் பின்னணியில் ஓடும் தனி த்ரெட் ஒன்றைப் போட்டேன். எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் மிச்சமாகிறதா என்று பார்க்கும் கருவியே தூங்கும் கோரை (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) அடிக்கடி தட்டி எழுப்பினால் அசிங்கம். நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்தேன். அந்த வேகத்தில் கணக்கு தவற பேக்கேஜ் 1,092 வாட் தின்ன வேண்டும். அப்படியொன்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போகிற போக்கில் இன்னொன்று: இன்டெலின் ஹேஸ்வெல் சர்வர் வகைகளில் மெமரிக்கான ஆற்றல் அலகு, பொது அலகு எம்எஸ்ஆர் சொல்வதோடு ஒத்துப்போகாது. அது தனியாக 15.3 மைக்ரோஜூல். இதெல்லாம் கருவிக்குள் மாடல் வாரியாக எழுதி வைத்தால்தான் உண்டு.

அடுத்தது ஆஃப்லைன் கோர். புகார் இவ்வளவுதான்: "பாதி கோர்களைக் காணவில்லை, அணைத்து வைத்தவை ஓடுவதாகக் காட்டுகிறது." ஒரே கோரை இரண்டு த்ரெட்களாக, அதாவது இரண்டு சிபியு போல, காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்த எந்திரம் அது. 2018-ல் எல்1டிஎஃப் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பலர் அணைத்தார்கள், கெர்னலின் 4.19 பதிப்பிலிருந்து அதற்கு எஸ்எம்டி கன்ட்ரோல் என்ற கோப்பே இருக்கிறது. அதில் ஆஃப் என்று எழுதினால் ஜோடி த்ரெட்கள் ஆஃப்லைனுக்குப் போய்விடும்.

கருவி, ஆன்லைனில் எத்தனை சிபியு என்று கேட்டு, 8 என்று பதில் வந்தால் 0 முதல் 7 வரை சுற்றியது. பல எந்திரங்களில் ஜோடி த்ரெட்களுக்குப் பின்பாதி எண்கள். எட்டு கோருக்கு 0 முதல் 7 வரை முதல் த்ரெட்கள், 8 முதல் 15 வரை ஜோடிகள். அங்கே அணைத்தால் இந்தச் சுற்று தற்செயலாகச் சரியாக ஓடும். பக் அங்கேதான் வருடக்கணக்கில் ஒளிந்திருந்தது. பெரிய கோரும் சிறிய கோரும் கலந்து வரும் புதிய பிராசஸர்களிலோ பெரிய கோரின் இரண்டு த்ரெட்களும் 0-1, 2-3 என்று அடுத்தடுத்து எண் பெறுகின்றன. 1, 3, 5 ஆஃப்லைன் என்றால் கருவி இல்லாத சிபியுவை எட்டிப் பார்க்கிறது, இருக்கும் சிபியுவை விட்டுவிடுகிறது.

சரி, இல்லாத சிபியுவுக்கு எப்படி வேகம் காட்டியது? ஆஃப்லைன் ஆன சிபியுவின் வேகக் கோப்பைத் திறக்க முடியாது. திறக்கும் ஃபங்ஷன் பிழையைத்தான் திருப்பியது. அழைத்த இடத்தில் அதைப் பார்க்கவில்லை. படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் பஃபரில் முந்தைய சிபியுவின் 2400000 அப்படியே இருந்தது. அதைத்தான் எடுத்துப் போட்டது. 1-ஆம் சிபியு 0-வின் வேகத்தில் ஓடுவதாகத் தெரிந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

எண்ணிக்கையைக் கேட்பதை நிறுத்தி, கெர்னல் தரும் ஆன்லைன் பட்டியலையே படிக்கும்படி மாற்றினேன். "0-2,4-7" என்ற வடிவில் வரும், பிரிப்பது எளிது. ஒவ்வொரு சிபியு அடைவிலும் இருக்கும் ஆன்லைன் கோப்பைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எக்ஸ்86-ல் பொதுவாக 0-ஆம் சிபியுவுக்கு அந்தக் கோப்பே இருக்காது. இல்லை என்றால் ஆன்லைன் என்று பொருள். இதைக் கவனிக்காத நிரல், ஓடிக்கொண்டிருக்கும் முதல் சிபியுவையே செத்துவிட்டதாக அறிவிக்கும்.

கவர்னர் மாற்றும் பக் எழுத்தில் இரண்டு வரி, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. வேகத்தை ஆளும் இன்டெல் பிஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் முறையில் இருக்கும்போது பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே கவர்னர்கள். ஆன்டிமாண்ட் என்ற வேறொரு கவர்னரைக் கேட்டால் கெர்னல் மறுக்கும். கருவியோ "மாற்றப்பட்டது" என்றது. கவர்னர் பெயரை எஃப்பிரின்ட்எஃப் என்ற சி ஃபங்ஷன் வழியாகக் கோப்பில் எழுதி, அது திருப்பிய எண்ணையும் ஒழுங்காகச் சோதித்திருந்தார்கள். ஆனால் அந்த நொடியில் எழுத்து பஃபரில்தான் விழுந்திருக்கிறது. கெர்னலுக்குப் போவது கோப்பை மூடும்போது. மறுப்பும் அப்போதுதான் வரும். மூடும் அழைப்பின் பதிலை யாரும் பார்க்கவில்லை. பஃபர் இல்லாமல் நேராக ரைட் அழைப்பால் எழுதச் செய்து, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும்படியும் சேர்த்தேன். திரும்பப் படிப்பது அதிகபட்ச வேகத்தை மாற்றும்போதும் உதவுகிறது. வன்பொருளின் எல்லைக்கு மேல் கேட்டால் கெர்னல் பிழை சொல்லாமல் எல்லைக்குள் அடக்கிவிடும். நாம் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று அப்போதுதான் தெரியும்.

ஏஎம்டி பக்கம் வந்த பிழை இதற்கு நேர் எதிர். ஹெக்ஸில் 17 என்ற பிராசஸர் குடும்பத்தில், வேக நிலையைச் சொல்லும் பி-ஸ்டேட் ரெஜிஸ்டரிலிருந்து வேகம் எடுக்க, 8 பிட் எண்ணை 6 பிட் வகுத்தியால் வகுத்து 200-ஆல் பெருக்க வேண்டும். 1ஏ குடும்பத்தில் அமைப்பு மாறி, 12 பிட் எண்ணை 5-ஆல் பெருக்கினால் போதும் என்றானது. பழைய சூத்திரம் அந்த 12 பிட்டின் மேல் நான்கை வகுத்தி என்று எடுத்துக்கொள்ளும். 4,500 மெகாஹெர்ட்ஸைக் குறிக்கும் 900, அதன் கையில் 132-ம் 3-ம் ஆகப் பிரிந்து 8,800 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். இந்த எண்ணைப் பார்த்ததுமே புகார் வந்தது, அன்றைக்கே சரியானது. சிபியுபவரிலும் இதே குடும்பத்துக்கு இதே திருத்தம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு, கருவி முழுக்க 0 அச்சாகும் இடங்களைத் தேடிப் போனேன். ரேப்பல் அளவைப் படிக்க உரிமை இல்லையா, 0 வாட். பிளாட்டிபஸ் என்ற தாக்குதல் 2020-ல் வெளியானபின், கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியான ஆற்றல் கோப்பை ரூட் மட்டுமே படிக்க முடியும், ஆகவே சாதாரணப் பயனருக்கு எப்போதும் 0 தான். மெய்நிகர் எந்திரமா, அங்கேயும் 0. மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் கேவிஎம் அந்த எம்எஸ்ஆர்களுக்குப் பிழை சொல்லாமல் பூஜ்யத்தைத் தந்துவிடும். 0 என்பதும் ஓர் அளவுதான். படிக்க முடியாத இடத்தில் எல்லாம் சிறு கோடு போடும்படி மாற்றினேன். மறுநாளே ஒருவர், "என் ஸ்கிரிப்ட் கோட்டை எண்ணாக எடுக்கிறது" என்று வந்தார். ஸ்கிரிப்ட்களில் புழங்கும் ஆக் கருவி அதைப் பூஜ்யமாக்கிக் கூட்டிவிடுமே! சிஎஸ்வி வடிவத்தில் மட்டும் அந்தப் புலத்தைக் காலியாக விட்டு, அந்த நெடுவரிசையைக் கூட்டும் முன் காலியா என்று பாருங்கள் என உதவிப் பக்கத்தில் எழுதினேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

சோதிப்பது தனிக் கூத்து. எல்லா வகை பிராசஸரையும் யாரும் மேசையில் வைத்திருக்க முடியாது. சிஸ்எஃப்எஸ் சுலபம்: ஓர் அடைவில் அதே பெயர்களில் கோப்புகளை உருவாக்கி, கருவியின் மூலப் பாதையை அங்கே திருப்பிவிட்டால் வேண்டிய எந்திரத்தை நடிக்க வைக்கலாம். எம்எஸ்ஆரை அப்படிச் செய்ய முடியாது. எம்எஸ்ஆர் கோப்பில் ரெஜிஸ்டர் எண்தான் ஆஃப்செட், அங்கிருந்து 8 பைட் படிக்க வேண்டும். சாதாரணக் கோப்பில் வேகக் கணக்குக்குத் தேவைப்படும் எம்பெர்ஃப், ஏபெர்ஃப் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களும் இ7, இ8 என்று ஒரே ஒரு பைட் தள்ளி இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் படிக்கும் ஃபங்ஷனையே மாற்றிப்போட வழி செய்து, சோதனையில் அட்டவணையிலிருந்து பதில் தரவைத்தேன். 10 நிமிடம், 200 வாட், 32 பிட் சுற்று என்ற அந்தப் பயனரின் நிலைமை இப்போது ஒரு நொடிக்குள் ஓடும் சோதனையாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. லேப்டாப் தூங்கி எழும்போது பேக்கேஜுக்கு மின்சாரமே போய்விட்டிருந்தால் ஆற்றல் எண்ணி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 32 பிட் கழித்தலுக்கு அதுவும் ஒரு சுற்று போலத்தான் தெரியும். செலவாகாத ஆயிரக்கணக்கான ஜூலைக் கூட்டிவிடும். லினக்ஸில் மோனோடோனிக் கடிகாரம் தூக்க நேரத்தை எண்ணாது, பூட்டைம் கடிகாரம் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முந்தைய அளவீட்டை விடக் கூடியிருந்தால் எந்திரம் இடையில் தூங்கியிருக்கிறது, அந்த அளவீட்டைத் தூக்கிப்போட்டுக் கோடு போட்டுவிடலாம். இதற்கான பேட்ச் மதிப்பாய்வில் நிற்கிறது. கடிகாரப் பகுதியையும் காட்டும் பகுதியையும் இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான், பிரித்துக்கொண்டிருக்கிறேன்.