ஆபீஸ் மேசைக்கு அடியில் ஒரு விக்கி

"அண்ணே, பேஜ் திறக்க மாட்டேங்கு. கவுன்டர்ல இருபது பேரு நிக்காங்க."

கருங்கலில் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரிலிருந்து எங்கள் சப்போர்ட் பையன் கூப்பிட்டபோது நான் நாகர்கோவில் ஆபீஸில் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசி மழை, இடி, கரண்ட் போய் ஒரு மணி நேரம், யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டது. அவன் கேட்ட பக்கம், பில் பிரிண்டரில் தாள் அகலத்தை மாற்றுவது எப்படி என்கிற பத்து வரிக் குறிப்பு, என் காலுக்குக் கீழே அணைந்து கிடந்த பெட்டிக்குள் இருந்தது. நினைவில் இருந்ததைப் போனில் சொன்னேன். பாதி தப்பு.

ஒன்பது பேர் வேலை செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. குறிப்புகளைச் சொந்த சர்வரில் வைப்பதா, கிளவுடில், அதாவது இணையத்தில் அடுத்தவர் சர்வரில், வாடகைக்கு வைப்பதா என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த போன்தான் முதலில் ஞாபகம் வரும். இரண்டு பக்கமும் போய் அடிபட்டுத் திரும்பியவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சொந்த சர்வர்தான். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதில் மீடியாவிக்கி. விக்கி என்றால் எல்லோரும் பிரவுசரிலேயே எழுதித் திருத்தக்கூடிய குறிப்பேடு. செலவு என்று பார்த்தால் ஒரு ஹார்ட் டிஸ்க்கும், நிலையான ஐபிக்கு, அதாவது மாறாத இணைய முகவரிக்கு, மாதக் கட்டணமும்தான். (இன்று வீட்டு பிராட்பேண்ட் பலவற்றில் பொது ஐபியே கிடைப்பதில்லை, பல பேரை ஒரே ஐபிக்குப் பின்னால் அடுக்கிவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஆபீஸ் பெட்டியைத் தொட டெயில்ஸ்கேல் மாதிரி ஏதாவது ஒரு குறுக்குவழி வேண்டும்.) நன்றாகத்தான் ஓடியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. மாவட்டம் முழுக்க மரமும் போஸ்ட் கம்பமும் சாய்ந்து கிடந்ததை இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர நாலு நாள். அந்த நாலு நாளும் வாடிக்கையாளர்களுக்கும் கரண்ட் இல்லாததால் தப்பித்தோம் என்பதுதான் உண்மை, சர்வரை நல்லபடி வைத்திருந்ததால் அல்ல. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சுற்றுவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே ஆபீஸுக்கு வருகிறவர்கள் எங்களில் இரண்டு பேர். அவர்கள் அடித்த கிண்டலை இங்கே எழுத முடியாது.

அப்புறம் கிளவுடுக்குப் போனோம். கருங்கலானாலும் குளச்சலானாலும் போனிலேயே திறக்கும், படம் ஒட்டலாம், தேடல் வேகம். முதல் வருஷம் எல்லோருக்கும் சந்தோஷம், கணக்கு பார்க்கிற அக்காவைத் தவிர. "தம்பி, இந்த டாலர் பில்லு ஏன் மாசத்துக்கு ஒரு தொகையா வருது?" தலைக்கு இவ்வளவு என்று டாலரில் போடுவார்கள், டாலர் ஏறினால் பில்லும் ஏறும், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆறு மாதப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு இருக்கை, அதாவது தனி லாகின், வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரே லாகினை நாலு பேர் பகிர்வார்கள். நாங்கள் பகிர்ந்தோம், மறைக்க என்ன இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான விதி நம் நாட்டில் மாறியது, வெளிநாட்டுச் சந்தாக்கள் பலருக்கு நின்றுபோயின. எங்களுடையதும் நின்றது. நினைவூட்டல் மெயில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கைத் திறந்தவன் தன் சொந்த மெயிலில் திறந்து வைத்துவிட்டு பெங்களூருக்கு வேலை மாறிப் போயிருந்தான். அவனைப் பிடித்து, ஓடிபி வாங்கி, உள்ளே போக மூன்று நாள். நல்ல பையன், ராத்திரி பதினொரு மணிக்கும் போனை எடுத்தான். இதில் கிளவுட் செய்த தப்பு எதுவும் இல்லை, முழுக்க எங்கள் சோம்பேறித்தனம்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு குறுகுறுப்பு. பெரிய இடங்களில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் படித்தேன். அட்லாசியன் கம்பெனியின் கான்ஃப்ளூயன்ஸ் என்கிற விக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் அட்லாசியன் ஒரு பழைய செயலியை நீக்க ஸ்கிரிப்ட் ஓட்டியது. செயலியின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் தளங்களின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 775 வாடிக்கையாளர்களின் கிளவுட் தளங்கள் அப்படியே அழிந்தன, சிலருக்குத் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆனது. சரி, அப்படியானால் சொந்த சர்வர்தான் பத்திரம் என்று சொல்லலாமா? அதே வருஷம் ஜூனில் அதே கான்ஃப்ளூயன்ஸை சொந்த சர்வரில் வைத்திருந்தவர்களுக்கு வேறு மாதிரி வந்தது. லாகின் இல்லாமலேயே வெளியாள் உள்ளே புகுந்து கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது, ஒட்டுப்போட ஓட வேண்டியிருந்தது, கிளவுடில் இருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே கம்பெனி, ஒரே சாமான், இரண்டு மாத இடைவெளி. 2024 பிப்ரவரி 15 அன்று அந்த சர்வர் பதிப்புக்கான ஆதரவையும் நிறுத்திவிட்டார்கள். சொந்தமாக வைத்திருந்தாலும் சாமான் அடுத்தவன் கையில் என்றால் இதுதான் கதை.

ஆக எங்களுக்குள் பேச்சு "எங்கே வைப்பது" என்பதிலிருந்து "விழுந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவோம்" என்பதற்கு மாறியது. கிளவுடிலிருந்து ஏற்றுமதி எடுத்துப் பார்த்தோம். ஜிப் வந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகள், ஒவ்வொன்றின் பெயருக்கும் பின்னால் நீளமாக ஒரு எண்ணும் எழுத்தும் கலந்த வால், அட்டவணைகள் தனித்தனி சிஎஸ்வி. படிக்கலாம், ஆனால் கவுன்டரில் ஆள் நிற்கும்போது அல்ல.

சொந்தமாக ஓட்டக்கூடிய புக்ஸ்டாக் என்கிற விக்கியை முயற்சி செய்தோம். அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்குவது கணினி தெரியாதவர்களுக்கும் சட்டென்று பிடிபடுகிறது, அக்காவே இரண்டு பக்கம் எழுதினார். பிடிஎஃப்பாக எடுத்தால்தான் தமிழ் சரியாக வரவில்லை. அதில் இயல்பாக வருகிற பிடிஎஃப் கருவிக்குத் தமிழ்க் கொம்பும் காலும் சேர்க்கத் தெரியாது. பிரவுசரில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் சரியாக வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸ் உள்ள சாமான் என்பதுதான் எனக்கு இடித்தது. பேக்கப் என்றால் டேட்டாபேஸ் டம்ப் (அதன் முழு நகல்), படங்களின் ஃபோல்டர், அமைப்புக் கோப்பு என்று மூன்றும் ஒரே நேரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், அதைத் திரும்ப எழுப்பத் தெரிந்த ஒருவர் ஆபீஸில் இருக்க வேண்டும். எங்களில் அது நான் மட்டும்தான். என் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு நான் போய்விட்டால்?

கடைசியில் டோக்குவிக்கி. 2004லிருந்து இருக்கிற கிழம், பார்க்க அழகில்லை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஆனால் அதில் டேட்டாபேஸே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதா டெக்ஸ்ட் கோப்பு. சர்வர் செத்தாலும் நோட்பேடில் திறக்கும். அதைச் சின்ன விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கிற மெய்நிகர் சர்வர்) ஒன்றில் வைத்திருக்கிறோம். வாடகைக்கு எடுத்த இடம், ஆனால் உள்ளே இருப்பது நம் சாமான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்கிற நகலெடுக்கும் கருவி ஆபீஸ் பெட்டிக்கு ஒரு நகல் இழுக்கும், காலையில் சப்போர்ட் பையன்களின் லேப்டாப்புக்கும் போகும். பாஸ்வேர்டு எதையும் விக்கியில் எழுதக் கூடாது, அதற்குத் தனிப் பெட்டகம்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றை முதல் நாளே கவனியுங்கள், நான் கவனிக்கவில்லை. டோக்குவிக்கி இயல்பாகப் பக்கத்தின் பெயரை யூஆர்எல் குறியீடாக்கித்தான், அதாவது ஒவ்வொரு பைட்டையும் % போட்டு மூன்று இடமாக்கித்தான், கோப்பாகச் சேமிக்கும். ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட், குறியீடானால் ஒன்பது இடம். "பி" என்பதே பகரமும் இகரக் குறியும் சேர்ந்து பதினெட்டு. லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. "தெர்மல் பிரிண்டர் தாள் அகலம் மாற்றுவது" என்று ஆசையாகத் தலைப்பு வைத்தால் சேமிக்கவே முடியாது, ஏன் என்று ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அமைப்பில் கோப்புப் பெயர்களை யூடிஎஃப்-8 (அந்தக் குறியீடு இல்லாமல் தமிழாகவே சேமிப்பது) என்று மாற்றினால் அதே 255 பைட்டுக்குள் மூன்று மடங்கு எழுத்து அடங்கும், பக்கங்கள் சேர்வதற்கு முன்பே மாற்ற வேண்டும். நாங்கள் காலம் கடந்துவிட்டதால் பக்கப் பெயரைக் குட்டியாக ஆங்கிலத்தில் வைத்து, முதல் தலைப்பையே பட்டியலில் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டோம்.

எல்லோரும் இதையே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் தட்டுகிற கூட்டமாக இருந்தால் டோக்குவிக்கி எரிச்சல் தரும், ஒருவர் எழுதும்போது அடுத்தவருக்குப் பூட்டிவிடும். லினக்ஸ் தெரிந்த ஒருவர்கூட இல்லாத இடத்தில் விபிஎஸ் வைப்பது வேண்டாத வேலை. அங்கே கிளவுடை எடுங்கள், கணக்கைக் கம்பெனி மெயிலில் திறங்கள், மாதம் ஒருமுறை ஏற்றுமதி எடுங்கள், எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்லேப் கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டு பேக்கப்பைத் தேடினால் அது காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கிற கருவியின் பதிப்பு ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்கிற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக யாரோ எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல்தான் காப்பாற்றியது.

போன வெள்ளிக்கிழமை மதியம் டீயும் ரசவடையும் வரவழைத்துவிட்டு, எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்து, "சர்வர் போயிட்டுன்னு வச்சுக்கோ, விக்கியைத் திரும்ப எழுப்பு" என்றேன். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நாற்பது நிமிஷத்தில் எழுப்பிவிட்டாள். பிரிண்டர் பக்கத்தைத் திறந்தோம், எழுத்து எல்லாம் இருந்தது, படம் ஒன்றும் இல்லை. நகல் இழுக்கிற கட்டளையில் மீடியா ஃபோல்டரை நான் சேர்க்கவே இல்லை, ஐந்து மாதமாக.

"அண்ணே, இது நீங்க எழுதின வரிதானே?" என்று கேட்டாள். வடையை வாயில் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.