யாழ்ப்பாணத்து இளையோரும் அவர்களது வாக்கும்: ஒரு நாட்குறிப்பு

2024 செப்டெம்பர் 24, செவ்வாய்

ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் அளித்த வாக்குகளை இன்று உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டேன். சஜித் பிரேமதாசவுக்கு 121,177. தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 116,688; ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558; நேற்றுப் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086. தெற்கு ஒரு பக்கம் சாய்ந்தபோதும் யாழ்ப்பாணம் அசையவில்லை என்று ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் திருப்திப்பட்டுக்கொண்டார். வகுப்பில் அந்தத் திருப்தியைக் காணவில்லை. அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குத் தன் முதல் வாக்கைப் போட்டதாகச் சொன்ன மாணவன், "கோபத்தைக் காட்டிப்போட்டம் சேர், நாளைக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

இவர்களில் பெரும்பாலானோர் 2006இல் பிறந்தவர்கள்; போர் முடிந்த 2009 மே மாதத்தில் மூன்று வயதுக் குழந்தைகள். குடாநாட்டுப் பிள்ளைகளுக்குப் போர் என்பது வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் மாமாவின் படமாகவே அறிமுகமானது. கிளிநொச்சியிலிருந்து வந்து இங்கே தங்கிப் படிப்பவர்கள் சிலரின் தாய்மாருக்கோ செல்துண்டு இன்னமும் காலில் இருக்கிறது. இரண்டு நிர்வாக மாவட்டங்களும் ஒரே தேர்தல் மாவட்டமாக எண்ணப்படுவதால் இந்த வேறுபாடு பெறுபேற்றுத் தாளில் தெரிவதில்லை. எல்லோரும் தம் அறிவு தெளிந்த பின் கண்ட பொதுவான அரசியல் அனுபவம் 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைதான்.

2024 நவம்பர் 16, சனி

பாராளுமன்றத் தேர்தல் முடிவு ஊரையே வாயடைக்க வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அநுர குமாரவின் தேசிய மக்கள் சக்திக்கு. தமிழரசுக் கட்சிக்கும் தமிழ்க் காங்கிரஸுக்கும் சுயேச்சைக் குழு 17க்கும் ஒவ்வொன்று. தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்கு விழுந்த வாக்குகள் 80,830, அதாவது எட்டு வாரங்களுக்குள் மூன்று மடங்கு. தமிழரசுக் கட்சியின் சுமந்திரனும் தோற்றார், 1994 முதல் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தாவும் தோற்றார்.

வடக்கு இனப்பிரச்சினையைக் கைவிட்டு அபிவிருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று கொழும்பில் எழுதுகிறார்கள். பொடியள் இனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று இங்கே சந்திக் கடையில் பேசுகிறார்கள். இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். மூன்று ஆசனங்களைத் தந்தது செல்லுபடியான வாக்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சியவை நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்களாகச் சிதறிப்போனதாலும், முதலிடம் பெறும் கட்சிக்கு விகிதாசார முறை ஓர் ஆசனத்தை மேலதிகமாகக் கொடுப்பதாலும்தான் அந்தக் கால்பங்கு அரைப்பங்காகத் தோன்றுகிறது.

ஆயினும் அந்தக் கால்பங்கில் என் பழைய மாணவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்கள் சொல்லும் காரணங்களில் சிங்களக் கட்சி ஒன்றின் மீதான காதலை நான் காணவில்லை. தலைமைப் பதவிக்காக நீதிமன்றம் வரை போன தமிழரசுக் கட்சியின் உட்பூசலும், மதுபானசாலை அனுமதிக்குத் தமிழ் அரசியல்வாதிகள் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்கள் என்ற பேச்சும், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு புதுக் கூட்டணி பிறப்பதுமே திரும்பத் திரும்ப வருகின்றன. சுயேச்சைக் குழு 17இல் ஊசிச் சின்னத்தில் வென்ற வைத்தியர் அர்ச்சுனாவுக்குப் போட்டவர்களின் கதையும் இதற்குத் தூரமானதன்று. கடந்த ஜூலையில் சாவகச்சேரி வைத்தியசாலையிலிருந்து அவர் முகநூலில் நேரலையாகக் குற்றஞ்சாட்டியபோது பாடத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும் நிலை எங்கள் கல்வி நிலையத்தில் ஏற்பட்டது. அவர் சொன்னதெல்லாம் உண்மையா என்று கேட்டதற்கு, ஒருவராவது பேர் சொல்லிப் பேசுகிறாரே என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. இது எனக்கு உவப்பான பதில் அல்ல. துணிச்சலை உண்மைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளும் பழக்கத்துக்கு இந்த மண் முன்பும் விலை கொடுத்திருக்கிறது.

2024 நவம்பர் 28, வியாழன்

வெள்ளத்தினால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டுள்ளது. நேற்று மாலை, போரில் இறந்த புலிப் போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள். கோப்பாயில் முழங்காலளவு சேற்றில், ஒரு கையில் குடையும் மறு கையில் தீபமுமாக நின்றவர்களில் பாதிக்கு மேல் இருபதுகளில் இருப்பவர்கள். பந்தல் கட்டியதும் தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி விட்டதும் இந்தப் பொடியள்தாம். அவர்களில் ஒருவன் இரண்டு வாரங்களுக்கு முன் திசைகாட்டிக்கு வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன். என்னைக் கண்டதும் சற்றும் கூச்சப்படாமல் வந்து கதைத்தான். தேர்தலும் இதுவும் அவனது மனத்தில் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுபவையல்ல.

2024 டிசெம்பர் 3, செவ்வாய்

மாவீரர் நாளையொட்டி முகநூலில் பதிவிட்டமைக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதுகள் நடந்திருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை நீக்குவதாகச் சொல்லி வந்த அரசு இது. வகுப்பில் இன்று எவரும் வாய் திறக்கவில்லை. கைபேசிகளில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார்கள்.

2025 மே 8, வியாழன்

உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி மாவட்டத்தில் மீண்டும் முதலிடத்துக்கு வந்திருக்கிறது. நவம்பரில் துள்ளியவர்கள் இன்று துவண்டும், துவண்டவர்கள் துள்ளியும் காணப்படுகிறார்கள். இளையோர் திரும்பி வந்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். அவர்கள் எங்கே போயிருந்தார்கள், திரும்பி வருவதற்கு?

இம்முறை பேசுபொருளாக இருந்தது நிலம். வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்று கடந்த மார்ச் 28இல் வர்த்தமானி வெளிவந்தது. உறுதிகளை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும், உரிமையாளர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் குடும்பங்களும் திகைத்துப்போயினர். என் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் பெயரில் இருந்த காணியின் உறுதியைத் தேடி இரண்டு கிழமைகளாகக் கச்சேரிக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்தாள். நவம்பரில் திசைகாட்டிக்கும் மே மாதத்தில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கும் வாக்களித்த அவளை மனம் மாறியவள் என்று யாராவது அழைத்தால் நான் ஒப்பமாட்டேன். ஊழலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது ஒரு விடையையும் காணியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது வேறு விடையையும் அவள் கொடுத்திருக்கிறாள்.

வேட்புமனுக்களில் இளையோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு கட்டாயம் என்பதால் என் பழைய மாணவர் சிலரும் இம்முறை பட்டியலில் ஏறினார்கள். பெரும்பாலும் எண்ணிக்கையை நிரப்பத்தான். பிரசாரக் கூட்டத்தில் அவர்களுக்குக் கதிரை அடுக்கும் வேலைதான் கிடைத்தது.

2025 மே 21, புதன்

நல்லூர்க் கோயிலுக்கு அருகே அசைவ உணவகம் திறக்கப்பட்டதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது பற்றி வகுப்பில் காரசாரமான விவாதம். தேசிய மக்கள் சக்தியின் சமத்துவப் பேச்சைப் புகழும் மாணவர்களே சைவ ஆசாரம் காக்கப்பட வேண்டும் என்று கடுமையாக வாதிட்டதுதான் எனக்கு வியப்பு. அரசியலில் இடதுசாரி, வாசலுக்கு உள்ளே பழைமைவாதி என்ற இந்தச் சேர்க்கை யாழ்ப்பாணத்தில் புதிதல்ல என்றாலும், முகநூலும் ரிக்ரொக்கும் பார்த்து வளர்ந்த தலைமுறையில் அது தளர்ந்திருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள்.

சாதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் விவாதம் படுத்துவிடும். 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் வடம் பிடித்து இழுத்துவிடக்கூடாது என்பதற்காக மண் அள்ளும் இயந்திரத்தைக் கட்டி இழுத்தார்கள். அதன் காணொளி உலகமெங்கும் ஓடியது. அதைப் பற்றிச் சொன்னபோது, அப்படியெல்லாம் இப்போது இல்லை என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பின்வாங்கில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. யார் எந்த வாங்கில் இருக்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு எழுதத் தேவையுமில்லை.

2025 ஜூன் 25, புதன்

செம்மணி மனிதப் புதைகுழிக்கு நீதி கேட்டு அங்கே மூன்று நாட்களாக எரிந்த 'அணையா விளக்கு' இன்று நிறைவுற்றது. ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் வோல்கர் டேர்க் வந்து பார்த்துச் சென்றார். சித்துப்பாத்தி மயானத்தில் முதற்கட்ட அகழ்வில் 19 என்புத்தொகுதிகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றுள் சிசுக்களுடையவையும் உண்டு. 1996இல் கொல்லப்பட்ட பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசுவாமியின் வழக்கில் தண்டனை பெற்ற இராணுவ வீரர் ஒருவர், நூற்றுக்கணக்கானோர் செம்மணியில் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னது 1998இல். மறுவருடம் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு எல்லாம் மூடப்பட்டது.

அங்கு ஒழுங்குகளைக் கவனித்தவர்கள் இளைஞர்கள். ஆதரவு காட்ட வந்த அரசியல்வாதிகள் சிலரை அவர்கள் நிற்கவிடவில்லை. அரச தரப்பு, தமிழ்த் தரப்பு என்ற வேறுபாட்டை அதில் அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. மூத்தவர்களுக்கு இது மரியாதையீனமாகப் பட்டது. எனக்கோ நவம்பர் மாத வாக்குக்கும் இந்தச் செயலுக்கும் ஒரே வேர் இருப்பதாகத் தோன்றியது. தமக்காகப் பேசும் உரிமையைப் பரம்பரைச் சொத்தாக எவருக்கும் எழுதிக் கொடுக்க இவர்கள் தயாராக இல்லை.

2025 ஓகஸ்ட் 6, புதன்

செம்மணியில் எடுக்கப்பட்ட ஆடைகளும் பொருட்களும் நேற்று நீதிமன்ற அனுமதியுடன் பொதுமக்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. மோட்டார் சைக்கிள் திருத்தகம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் தன் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். அவரது மகன் 1996இல் காணாமற்போனவர். சட்டையின் தையலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டாராம், ஏனெனில் அவரே தைத்துக் கொடுத்த சட்டை. இல்லை என்று தெரிந்ததும் வீடு வரும்வரை ஒன்றும் கதைக்கவில்லையாம். இவன் நவம்பரில் திசைகாட்டிக்குப் போட்டவன். அதையிட்டு வருந்துகிறாயா என்று கேட்டேன். "அவங்களுக்குப் போட்டது திருட்டு நிக்கட்டும் எண்டு சேர். இதைத் தோண்டுறது அவங்கட காலத்தில நடக்குது, அதையும் பாக்கத்தான் வேணும். ஆனா உள்நாட்டு விசாரணை எண்டு முடிச்சுப்போடுவாங்கள்" என்றான். இவ்வளவு நிதானமாக ஆய்வரங்குகளில்கூட எவரும் பேசி நான் கேட்டதில்லை.

2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு

நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் மாணவியர் சிலரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது என்று வகுப்பில் சொன்னதிலிருந்து இவர்கள் என்னை விடுவதில்லை. காணியை அரசு எடுக்கிறது என்று ஊர்வலம் போகும் அண்ணாமார் இதற்கு ஏன் போவதில்லை என்பது அவர்களது கேள்வி. பெண்பிள்ளைகளின் அரசியல் இந்த இடத்தில்தான் ஆண்களுடையதிலிருந்து பிரிகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு இங்கே எந்தக் கட்சியிலும் சின்னம் கிடையாது.

2025 செப்டெம்பர் 2, செவ்வாய்

ஜனாதிபதி நேற்று வந்து மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகத்தைத் திறந்து, மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதான வேலையைத் தொடக்கிவைத்தார். செம்மணியில் என்புத்தொகுதிகள் இருநூறைத் தாண்டிவிட்டன. மைதானத்தையும் செம்மணியையும் வைத்துப் பெரியவர்கள் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்க, வகுப்பில் எல்லோரும் கதைத்தது கடவுச்சீட்டைப் பற்றித்தான். இனிக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போகத் தேவையில்லை.

இன்றைய பாடம் மாகாண சபைகள். வடக்கில் அதற்குத் தேர்தல் ஒருமுறைதான், 2013 செப்டெம்பரில் நடந்தது. இன்று முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் போதுமா போதாதா என்று தலைவர்கள் வாதாடுவது இவர்களுக்குக் காணாத ஒரு வீட்டின் கூரையைப் பற்றிய சண்டைபோலக் கேட்கிறது. அடுத்த வருடம் தேர்தல் வைத்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். ஐந்தாறு சின்னங்கள் சொல்லப்பட்டன, சிரிப்பும் எழுந்தது. கடைசியில் ஒருத்தி, தேர்தல் வைக்கும்போது தான் இங்கே இருந்தால் யோசிப்பேன் என்றாள். இருப்பீர்களா என்று கேட்டு, இருப்போம் என்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னேன். பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர் உயர்த்தினார்கள்.