காரைக் காட்டுங்கள், கை எங்கே என்று சொல்கிறோம்

கம்பியில் தொங்கும் பொம்மைக்கு நடக்க வராது. பாதம் தரையைத் தொடுவதற்குள் முழங்கால் மடங்கிவிடும். தொட்டாலும் உடம்பின் பாரம் அந்தக் காலில் இறங்காது, ஏனென்றால் பாரம் முழுக்க மேலே கம்பியில் இருக்கிறது. பார்க்கிற குழந்தைக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும். குழந்தைகள் தொலைக்காட்சியில் பொம்மைகளுக்கு வகைவகையாகக் கார் கிடைத்தது பெரும்பாலும் இந்தக் குறையால்தான். உட்கார வைத்துவிட்டால் காலைப் பற்றிக் கவலை இல்லை.

இங்கிலாந்தில் ஜெர்ரி ஆண்டர்சனின் குழு தன் பொம்மைத் தொடர்களில் இதை வரிசையாகச் செய்துபார்த்தது. 1961இல் 'சூப்பர்கார்', பறக்கும் கார். 1962இல் 'ஃபயர்பால் எக்ஸ்எல்5', அதில் தரையைத் தொடாமல் மிதக்கும் ஸ்கூட்டர். 1964இல் 'ஸ்டிங்ரே', அதில் தளபதிக்கு மிதக்கும் நாற்காலி. 1965 செப்டம்பர் 30 அன்று 'தண்டர்பேர்ட்ஸ்' ஒளிபரப்பானபோது ஆறு சக்கரமும் ரோஜா நிறமுமாக ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வந்து நின்றது. நம்பர் பலகையில் ஃபேப் 1. பின்னால் காரின் சொந்தக்காரி லேடி பெனிலப்பி, முன்னால் நடுவில் டிரைவர் பார்க்கர், இருவரும் பொம்மைகள்.

இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குப் பொம்மையின் காரைப் பார்த்தாலே ஆட்டுபவரின் கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். கூரை இல்லையென்றால் கம்பி மேலிருந்து வருகிறது. கூரை மூடியிருந்து கதவு மட்டும் வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் கை கீழே இருக்கிறது. வேடிக்கைக்காக வளைத்தது போலத் தெரியும் கோடு பல நேரம் ஒரு முழங்கையை மறைக்கப் போட்ட கோடு.

ஃபேப் 1 ஐ ஆண்டர்சன் குழுவில் சிறப்புக் காட்சிகளைக் கவனித்த டெரெக் மெடிங்ஸ் வடிவமைத்தார். ஸ்லவ் நகரத்தில் இருந்த ஆண்டர்சனின் ஏ.பி. ஃபிலிம்ஸ் ஸ்டுடியோவில், பொம்மை உட்காருவதற்கான பெரிய கார் 7 அடி நீளத்துக்குச் செய்யப்பட்டது. அந்த 7 அடி சும்மா வந்ததல்ல. பொம்மையின் உயரம் ஏறத்தாழ 22 அங்குலம், அதாவது ஆளில் மூன்றில் ஒரு பங்கு. கதைப்படி கார் 21 அடி. மூன்றால் வகுத்தால் 7. பொம்மைக் கார் செய்ய உட்காரும் யாரும் முதலில் போட வேண்டிய கணக்கு இது. ஆனால் உள்ளே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் காலத்துப் பொம்மைகளின் தலை உடம்புக்கு மிஞ்சிய அளவு, உதட்டை அசைக்கும் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுருள் தலைக்குள் இருந்ததால். ஆகவே ஜன்னலின் உயரத்தைத் தலைக்குப் பார்த்தும், சீட்டையும் ஸ்டியரிங்கையும் உடம்புக்குப் பார்த்தும் அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் செய்தால் நெற்றி கூரையில் முட்டும்.

உதட்டுச் சமாசாரம் காரை நேரடியாகப் பாதிக்கும். முன்பே பதிவு செய்த குரல் டேப்பிலிருந்து வரும் மின்துடிப்பு, பொம்மையைத் தாங்கும் டங்ஸ்டன் கம்பி வழியாகவே தலைக்குப் போய்ச் சொலினாய்டை இழுக்கும். கம்பியின் தடிமன் அங்குலத்தில் 200இல் ஒரு பங்கு, 0.13 மில்லிமீட்டர்கூட இல்லை. மின்சாரம் ஓடும் கம்பியை உலோகச் சட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூரைச் சட்டத்தை உலோகத்தில் செய்து குரோம் போட ஆசை வரும். செய்யக்கூடாது. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்து வெள்ளிநிறத் தாள் ஒட்டினாலும் கம்பி உரசும் ஓரத்தை மட்டும் வெறுமனே விட வேண்டும். இல்லையென்றால் நல்ல வசனத்தின் நடுவில் வாய் நின்றுபோகும்.

ஃபேப் 1இல் டிரைவர் நடுவில் உட்காருவது பார்க்க வினோதம், வேலைக்கு வசதி. முன்னால் இரண்டு பொம்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருவரின் கம்பிகளும் மேலே பின்னிக்கொள்ளும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தால் ஆட்டுபவர்களுக்குக் கை வீச இடம் கிடைக்கும், கேமராவுக்கும் ஒரே ஃபிரேமில் இரண்டு முகம் கிடைக்கும். குமிழ் போன்ற கண்ணாடிக் கூரை மட்டும் தொல்லைதான். செட்டில் இருக்கும் விளக்கு, கம்பி, மேலே நிற்கிற ஆள் எல்லாம் அதில் தெரியும். போலரைசிங் ஃபில்டர் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் வரும் பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் குரோமில் பலிக்காது. மங்கலாக்கும் ஸ்பிரே அடிக்கலாம். ஒரு பூச்சு அதிகமானால் கண்ணாடிக்குப் பனி பிடித்தது போல ஆகிவிடும். எல்லாவற்றையும்விட எளிய வழி, முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது கண்ணாடியையே கழற்றிவிடுவது. சட்டம் மட்டும் இருந்தால் போதும், கண்ணாடி இருப்பதாகவே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஓடுகிற காரை எப்படிக் காட்டுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குவார்கள். கார் இரண்டு வேண்டும். பொம்மை உட்காரும் பெரியது ஒன்று, சாலையில் ஓட்டும் சின்னது ஒன்று. சின்னக் காரைச் சாதாரணமாக நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் அது பொம்மைக் கார் என்று உடனே தெரிந்துவிடும். மேடு ஏறி இறங்கும்போது சின்னப் பொருள் மிகச் சீக்கிரம் விழுந்து முடித்துவிடுகிறது, காரணம் அதுதான். அளவு எத்தனை மடங்கு சின்னதோ அதன் வர்க்கமூலத்தால் ஃபிரேம் வேகத்தைப் பெருக்க வேண்டும். இருபத்துநாலில் ஒரு பங்குள்ள மாடல் என்றால் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.9, பெருக்கினால் நொடிக்கு 118 ஃபிரேம். மெடிங்ஸ் குழு மாடல் காட்சிகளை 120 ஃபிரேமில் எடுத்ததற்கு இந்தக் கணக்கே பொருத்தமான விளக்கம்.

இதற்கு விலை உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற மாதிரித் தெரிய, மேசை மேல் அந்தக் கார் நொடிக்கு 3.4 மீட்டர் ஓட வேண்டும். 5 மீட்டர் மேசையை ஒன்றரை நொடியில் கடந்துவிடும், திரையில் அது ஏழு நொடி சொச்சம். அந்த ஒன்றரை நொடியில் ஒரு கல் இடறினால் ஷாட் போயிற்று. வெளிச்சமும் ஐந்து மடங்கு வேண்டும். அதோடு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய லென்ஸ் துவாரத்தையும் சுருக்குவார்கள், அதற்கு இன்னும் வெளிச்சம். அத்தனை விளக்கின் சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் கூரை வளைந்துபோகும். ஒத்திகை முழுக்க ஒரு பழைய கூரையை மாட்டி வைத்து, எடுக்கும்போது மட்டும் நல்லதை மாட்டுவது வழக்கம்.

பெரிய காருக்கு இந்த வித்தை உதவாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 42 ஃபிரேமில் எடுக்க வேண்டும், ஆனால் வசனத்துக்கு உதடு அசைகிறது. வேகத்தை மாற்றினால் உதடும் குரலும் பிரிந்துவிடும். எனவே பெரிய காரை ஓட்டவே கூடாது. அதை நிறுத்திவைத்துப் பின்னணியை ஓட்ட வேண்டும், காரை லேசாக ஆட்ட வேண்டும். சேஸிஸின், அதாவது காரின் அடிச்சட்டத்தின், கீழே ஒரு பலகையை நெம்புகோல் போல வைத்து ஒருவர் அழுத்துவார். நான்கைந்து மில்லிமீட்டர் போதும், நொடிக்கு ஒரு முறை போதும். உற்சாகத்தில் நொடிக்கு மூன்று முறை அழுத்துகிறவர்கள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் மாட்டுவண்டியாகிவிடும்.

ஸ்டியரிங்கைப் பொம்மையின் கையால் திருப்ப முயலாதீர்கள். மேலே கம்பியை இழுத்தால் கை திரும்பாது, தோள்தான் தூக்கும். இரண்டு கையையும் மெல்லிய செப்புக் கம்பியால் ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு, ஸ்டியரிங் தண்டைத் தரைக்குக் கீழே நீட்டி அங்கிருந்து திருப்புங்கள். ஸ்டியரிங் திரும்பும்போது கையும் அதனோடு போகும். 10, 15 டிகிரிக்கு மேல் வேண்டாம். தலை மட்டும் அரை நொடி முன்பே அந்தப் பக்கம் திரும்பட்டும். நிஜ டிரைவர் வளைவைக் கண்ணால் பார்த்த பிறகுதானே கையைத் திருப்புகிறார். இந்த அரை நொடி இல்லாவிட்டால் கார்தான் டிரைவரை ஓட்டிக்கொண்டு போவது போலிருக்கும்.

சின்னக் காரின் சாலை இன்னொரு கதை. காரை ஓட்டுவதற்குப் பதில் சாலையையே ஓட்டினார்கள். கேன்வாஸ் பெல்ட் முடிவில்லாமல் சுற்றும், கார் அதன் மேல் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத கம்பி அதை முன்னால் பிடித்திருக்கும். பின்னால் புதர்கள் ஒரு பெல்ட்டில் கொஞ்சம் மெதுவாகவும் வானம் இன்னும் மெதுவாகவும் நகரும். வரும் கோளாறுகள் இரண்டு. பெல்ட்டைத் தைத்த இணைப்பு நேர்க்கோடாக இருந்தால் சக்கரம் அதில் ஏறும்போது கார் துள்ளும். சாய்வாக வெட்டித் தைத்தால் ஒவ்வொரு சக்கரமும் வெவ்வேறு நேரத்தில் ஏறும், துள்ளல் தெரியாது. இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் புதர். சுற்றளவு 7 மீட்டர் என்றால், மேலே சொன்ன வேகத்தில் திரையில் பத்து நொடிக்கு ஒரு முறை அதே புதர் வரும். ஷாட்டை எட்டு நொடியில் வெட்டிவிடுங்கள்.

ஃபேப் 1இன் ஆறு சக்கரத்தில் முன்னால் இருக்கும் நான்கும் திரும்பும் சக்கரங்கள். மாடலில் இரண்டு அச்சையும் ஒரே கோணத்தில் திருப்பினால் இரண்டாவது அச்சின் டயர் தரையில் இழுபடும், ரப்பர் மடங்கி மடங்கி நிமிரும், கார் நடுங்கும். பின் அச்சிலிருந்து முதல் அச்சு 12 சென்டிமீட்டர், இரண்டாவது 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் ஆர வளைவில் முதல் அச்சு கிட்டத்தட்ட 17 டிகிரி, இரண்டாவது 14 டிகிரி திரும்ப வேண்டும். இரண்டுக்கும் இணைப்புத் தண்டு போடும்போது இரண்டாவது அச்சின் நெம்பு கையை அந்த விகிதத்துக்கு நீளமாக்கினால் தானாகச் சரியாகும். நேராக மட்டும் போகும் ஷாட்டுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம், பூட்டிவிடலாம்.

எடையை மறந்துவிடுவார்கள். நிஜக் காரின் டயர் அடியில் லேசாகப் பிதுங்கும். மாடலில் ரப்பர் கெட்டியாக இருந்து கார் லேசாக இருந்தால், கார் சாலையின் மேல் வைத்த பொருளாகத் தெரியுமே தவிர நிற்கிற காராகத் தெரியாது. ஈயத் தகட்டை அச்சுக்குப் பக்கத்தில், முடிந்தவரை தாழ்வாக ஒட்ட வேண்டும். மேலே ஒட்டினால் வளைவில் கவிழும். சக்கரத்துக்குப் பின்னால் எழும் புழுதிக்கு மணல் கூடாது, பொடிமணல்கூட அந்த அளவுக்குக் கூழாங்கல்தான். முல்தானி மட்டிதான் இதற்கு வாகானது. முகத்துக்குப் பூசுகிற அதே மண். சலித்துத் தூவினால் புகை போல எழுந்து மெதுவாக அடங்கும். கூரையிலும் படியும், ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் மென்தூரிகையோடு ஒருவர் நிற்க வேண்டும். ராக்கெட் என்றால் அழுக்கு அழகு. பெனிலப்பியின் கார் பளபளப்பாக இருந்தே ஆக வேண்டும்.

இத்தனை பாடுபட்டுப் பூசிய அந்த ரோஜா நிறத்தை முதலில் பார்த்த பிரிட்டிஷ் குழந்தைகள் சாம்பல் நிறமாகத்தான் பார்த்தார்கள். தொடர் வண்ணத்தில் எடுக்கப்பட்டது, ஆனால் அதை ஒளிபரப்பிய ஐ.டி.வி. சேனலில் வண்ண ஒளிபரப்பு 1969இல்தான் வந்தது. பொம்மைக் காருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பு வெள்ளையிலும் பார்த்துவிடுவது நல்லது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். காரின் நிறமும் பின்னணிப் புல்லின் பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்தால் கார் காணாமல் போய்விடும். டிங்கி டாய்ஸ் என்ற விளையாட்டுக் கார் நிறுவனம் 100ஆம் எண்ணில் கொண்டுவந்த சின்ன உலோகக் கார் வழியாகப் பல வீடுகளுக்கு அந்த ரோஜா நிறம் கையில் கிடைத்தது. முன்பக்கக் கம்பித் தடுப்பான கிரில்லிலிருந்து ஏவுகணை பாயும். இன்று பழைய பொருள் சந்தையில் அந்தக் கார் கிடைக்கும், ஏவுகணை கிடைக்காது.

கிரில்லைப் பற்றி ஒன்று. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அனுமதி கொடுத்ததோடு, கிட்டத்துக் காட்சிக்கு நிஜக் கிரில் ஒன்றையும் கொடுத்தது. வசனத்தில் எப்போதும் 'ரோல்ஸ் ராய்ஸ்' என்று முழுப்பெயர் வர வேண்டும், 'ரோல்ஸ்' என்று சுருக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை.

கை கீழிருந்து வரும் பொம்மைகளின் கார் வேறு ஜாதி. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ரோலண்ட் ரேட் என்ற பொம்மை எலிக்கும் ரோஜா நிறக் கார்தான், ஆனால் அது ஒரு நிஜ ஃபோர்டு ஆங்கிலியா. கையுறைப் பொம்மைக்கு எந்த ஜன்னலும் போதும், ஆட்டுபவர் அதற்குக் கீழே குனிந்துகொள்ளலாம். காரின் வடிவத்தை மாற்றத் தேவையில்லை, பெயிண்ட் அடித்தால் போதும். மப்பெட்டுகள் என்ற அமெரிக்கப் பொம்மைகளின் 1979 திரைப்படத்தில் ஃபாஸி கரடி ஓட்டும் 1951 ஸ்டூட்பேக்கர்தான் இந்த வகையில் துணிச்சலானது. அங்கே கார் நிஜச் சாலையில் ஓட வேண்டும், முன் சீட்டில் பொம்மைகளும் கீழே அவற்றை ஆட்டுபவர்களும். அப்படியானால் டிரைவர் எங்கே உட்காருவார்? பின்னால் டிக்கியில். முன்மூக்கின் நடுவில் கேமரா, டிக்கிக்குள் ஒரு டி.வி. திரை, அங்கேயே ஸ்டியரிங். அந்தக் கார் மாடலின் முன்பக்கம் பிறப்பிலேயே தோட்டா போலக் கூர்ந்து நடுவில் ஒரு வட்டத்தோடு இருக்கும். வாங்கும்போதே கேமராவுக்கு இடம் போட்டு வாங்கியது மாதிரி.

அந்த முறையைப் பின்பற்றுவோர் கவனிக்க வேண்டியது, டிக்கியில் இருப்பவருக்குக் காரின் அகலம் தெரியாது. திரையில் ஒரு கண்ணின் பார்வைதான், ஆழம் கிடையாது. சாலையை மூடிவிட்டு, இரு ஓரமும் கூம்பு வைத்து, காரின் அகலத்தைத் திரை மேலேயே நாடா ஒட்டிக் குறித்துவிட வேண்டும். காற்றுக்குக் குழாய் விட வேண்டும், டிக்கி உள்ளிருந்தும் திறக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர்களின் கால் பிரேக் மிதியின் பக்கம் போகாதபடி முன் மிதிகளைக் கழற்றிவிடுவதும் மறக்கக் கூடாத வேலை. பிரேக் முழுக்கப் பின்னால் இருப்பவர் காலில்தான். எடுப்பதற்கு முன், பொம்மை எதுவும் இல்லாமல் காரை நடை வேகத்தில் ஒரு முறை சுற்றி வரச் சொல்லுங்கள்.