பச்சை போச்சு
இன்னிக்கு முழுக்க ஒரு வெளிர் பச்சைக் கலரைக் காப்பாத்துறதே வேலையாப் போச்சு, மைனஸ் 40 டிகிரியில சமத்தா இருக்கும், கொஞ்சம் சூடேறினா அவ்ளோதான். இரும்பு(4)-ஆக்ஸோங்க அது, அதாவது +4 நிலையில இருக்கிற இரும்போட ஒரு ஆக்ஸிஜன் ஒட்டிக்கிட்டு இருக்கிற சேர்மம். இதே இரும்பு-ஆக்ஸோவை சைர்பி2 (SyrB2)ன்னு ஒரு பாக்டீரியா என்சைம் ரூம் டெம்பரேச்சர்லயே அசால்ட்டா உருவாக்கி வேலை வாங்குது! இந்த மாதிரி என்சைம்கள்ல வழக்கமா இரும்பைப் பிடிச்சிருக்கிற கார்பாக்ஸிலேட் (ஒரு அமினோ அமிலத்தோட ஆக்ஸிஜன் கை) இடத்துல அதுல வெறும் அலனின் (அந்தக் கை இல்லாத குட்டி அமினோ அமிலம்), அந்தக் காலி சீட்டுல குளோரைடு வந்து உக்காந்துக்குது. ஆக்ஸோ போய் த்ரியோனின்ங்கிற அமினோ அமிலத்தோட மீத்தைல்ல (CH3) இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குது, இப்ப இரும்புல ஓஹெச்சும் இருக்கு குளோரினும் இருக்கு, ஆனா அந்தக் கார்பன் கரெக்டா குளோரினைத்தான் எடுத்துக்குது. எல்லாம் நிக்கிற இடம்தான் காரணம், சப்ஸ்ட்ரேட்டை (அதான் அந்த த்ரியோனினை) ஆக்ஸோகிட்ட இருந்து லேசா தள்ளியே நிறுத்தி வச்சிருக்கு (கில்லாடி!). என் பிளாஸ்க்ல அப்படிப் பிடிச்சு நிறுத்த யாரு இருக்கா, ஓஹெச் ஏறினது, குளோரின் ஏறினதுன்னு ரெண்டு ப்ராடக்டும் கலந்துதான் வருது.