குடித்தது டிரைவர், அலைந்தது நான்

கொருக்குப்பேட்டையில் ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) வைத்து லோடு அடிக்கிறேன். காசிமேட்டு மீன் லோடுக்காக விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பிய வண்டியை வழியில் போலீஸ் மடக்கி, டிரைவரை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் காட்டியது 54.

போனில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ராத்திரி பத்து மணிக்கு முடிச்சதுண்ணா, தூங்கி எழுந்துதான் வண்டி எடுத்தேன்." பொய் சொல்லவில்லை. ஒரு குவார்ட்டர் போட்டவன் உடம்பில் நூறு மில்லி ரத்தத்துக்குச் சுமார் நூற்று முப்பது மில்லிகிராம் ஆல்கஹால் வரை ஏறிவிடலாம். மணிக்குச் சுமார் பதினைந்துதான் இறங்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதற்கும் அது அசையாது. ஐந்து மணி நேரத் தூக்கத்துக்கு ஐம்பதைத் தொட்டு நிற்பது கணக்குக்குச் சரிதான். சட்டத்தின் வரம்பு 30. எப்போது குடித்தாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு கேட்பதில்லை, ஓட்டும்போது ரத்தத்தில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான், "இங்க 80 வரைக்கும் விடுவாங்க மாமா" என்றான். பிரிட்டனிலும் 80 என்றுதான் இருந்தது, ஸ்காட்லாந்து மட்டும் 2014-இல் அதை 50 ஆக்கியது. அதையெல்லாம் எஸ்.ஐ.யிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நான் போய்ச் சேர்ந்தபோது, கூட வந்த லோடுமேனும் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். ஓட்டுபவன் குடித்திருப்பது தெரிந்தும் உடன் வந்தால், தூண்டிய குற்றமாக அதே சட்டத்தின் 188-வது பிரிவில் கேஸ் போடலாம் என்று சொல்லி, அவனை எச்சரித்து அனுப்பினார்கள். மீன்காரருக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்ததில் அன்றைய வாடகை போச்சு.

மெஷினிலிருந்து வரும் சீட்டு பஸ் டிக்கெட் அகலம்தான் இருக்கும். தேதி, நேரம், மெஷின் எண், அளவு, கீழே டிரைவர் கையெழுத்து. அந்தக் காகிதம் சூடு பட்டால் மங்கும் ரகம். சட்டைப் பையில் வைத்து வியர்வையில் நனைந்து, கோர்ட்டுக்குப் போவதற்குள் வெள்ளையாகிவிட்ட கதை எங்கள் ஸ்டாண்டிலேயே உண்டு. வாங்கிய கையோடு போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டேன். மெஷின் மேல் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையை அங்கேயே, அப்போதே கேட்கவேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்களுக்குச் சந்தேகம் இல்லை, அதனால் கேட்கவில்லை.

இதில் மூன்று வேலைகள் தனித்தனியாக ஓடும்: அபராதம், வண்டி, லைசென்ஸ். முன்னெல்லாம் முதல் தடவைக்கு அபராதம் 2,000-க்குள் முடியும். 2019 திருத்தத்தில் 10,000 ஆனது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் வரை ஜெயிலும் சேர்த்துப் போடலாம். மறுபடி மாட்டினால் 15,000, இரண்டு வருஷம் வரை சிறை. கோர்ட்டில் இவன் ஒப்புக்கொண்டான், பத்தாயிரம் கட்டச் சொன்னார்கள். வாசலில் ஒருவர் "ஐந்தில் முடித்துத் தர்றேன்" என்று ஒட்டிக்கொண்டார். ரசீது தருவாரா என்று கேட்டேன், ஆளைக் காணோம்.

கட்டிய ரசீது, ஆர்.சி., இன்சூரன்ஸ், என் ஆதார் எல்லாம் காட்டித்தான் போலீஸ் பிடித்து வைத்திருந்த வண்டியை எடுத்தேன். தார்ப்பாய் இல்லை, பேட்டரி உட்கார்ந்துவிட்டது. யாரைக் கேட்பது! வாய் மூடி, தள்ளி ஸ்டார்ட் பண்ணினோம்.

லைசென்ஸ்தான் இழுத்தது. அது தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ.வுக்குப் போய், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அபராதம் கட்டியாச்சே என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. நிறுத்தி வைத்த நாளில் அவன் ஸ்டியரிங்கைத் தொட்டு எங்கேயாவது இடித்தால், என் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான், அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தையும் என்னிடம் வசூலிக்க வருவான். அதனால் சாவியைக் கொடுக்கவே இல்லை. ஆக்டிங் டிரைவர் வைத்தேன், இவனை லோடு ஏற்ற அனுப்பினேன்.

இப்போது லைசென்ஸ் திரும்பி வந்து, ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். பத்தாயிரத்தை மாதம் ஆயிரமாகச் சம்பளத்தில் பிடிக்கிறேன். ஆக்டிங் டிரைவருக்குக் கொடுத்த பேட்டாவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் அவன் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.