தயாமயி ஏன் படகேறவில்லை?

சத்யஜித் ராயின் ‘தேவி’ (1960) படத்தில் என்னை இன்னும் விடாதது அந்த ஆற்றங்கரைக் காட்சி. மருமகள் தயாமயியே காளி என்று மாமனார் காளிகிங்கர் கனவு காண்கிறார். கண்டவர் ஜமீன்தார் என்பதால் கனவு ஊருக்கே சட்டமாகிறது. தனக்குக் கால் பிடித்துவிடும் பெண்ணின்மேல் அவருக்குள்ள, வெளியே சொல்ல முடியாத பற்றுதான் பக்தி வேடமிட்டு வந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

கணவன் உமாபிரசாத் இரவோடு இரவாக அவளை அழைத்துப் போகிறான். தடுக்க யாருமில்லை. கரையில் கிடக்கும், நீரில் கரைத்த சிலையின் கூட்டைக் கண்டதும் அவள் நின்றுவிடுகிறாள். ‘நான் உண்மையிலேயே தேவியாக இருந்துவிட்டால்?’ என்கிறாள்.

உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் சொன்ன சூப்பர் ஈகோவை, அதாவது பெரியவர்களின் கட்டளைகள் நமக்குள்ளேயே குடியேறி மனசாட்சியாக அதட்டுவதை, இதைவிடத் துல்லியமாகத் திரையில் நான் கண்டதில்லை. மாமனாரின் கட்டளை இப்போது அவளுடைய சொந்தக் குரலில், அவளுடைய சொந்தச் சந்தேகமாகவே பேசுகிறது.

‘தப்பித்திருக்கலாமே’ என்று அவளைக் குறை சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. சாகக் கிடந்த ஒரு குழந்தை அவள் முன்னால் கண் விழித்திருக்கிறது; ஊரே விழுந்து வணங்கியிருக்கிறது. அந்த இளம்பெண் எதைக் காட்டி, யாரிடம் மறுப்பாள்?